நிறம் விடாத கதவு

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக்காரர் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். சிவப்புக் கார் என்று சொல்லியிருந்தார். வந்து நின்றது நூறு தடவை துவைத்த சட்டை நிறத்தில் இருந்தது. தடவினால் உள்ளங்கையில் மாவு மாதிரி ஒட்டுகிறது. “வாங்கின நாள்லேர்ந்து யாரும் கை வைக்கல, அதே பெயின்ட்தான்” என்றார். புதிதாக அடிக்காமல், இருக்கிற பெயின்ட்டையே மீட்டுத் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அவர் எது கேட்டாலும் முடியும் என்று சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டேனோ?

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி நோயில் இறந்துவிட்டார். ஒரு மகள். ஸ்கூட்டர் விளக்கு மங்கலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அண்ணனும் நானும் வேலை பார்க்கும் எங்கள் ஒர்க் ஷாப்புக்கு மூன்று முறை வந்தார். விளக்கு நன்றாகத்தான் இருந்தது. நான்காவது முறை, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நேராகவே கேட்டுவிட்டார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அண்ணி அதற்குள் யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச ஆரம்பித்தாயிற்று. நாற்பத்தாறு வயதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறாள். நாற்பத்தாறு வயது என்பதால்தான் யோசிக்கிறேன். முதல் கல்யாணத்தில் ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. அதைச் சொல்லி, எதையும் மறைக்கக் கூடாது, என் நிபந்தனை அது ஒன்றுதான் என்றேன். தலையாட்டினார். நன்றாகத்தான் ஆட்டினார்.

மார்ச் 4, புதன்

காரைக் கழுவித் துடைத்தேன். பழைய காலத்து ஒற்றைப் பூச்சு. இப்போதைய கார்கள் மாதிரி நிறத்துக்கு மேல் கிளியர் என்று கண்ணாடியாக இன்னொரு பூச்சு கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே படலம். அதனால் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் காரின் நிறமே துணியில் ஏறும். தெரியாதவர்கள் பார்த்தால் ஐயோ பெயின்ட் போகிறதே என்று பதறுவார்கள். போவது செத்த பெயின்ட்தான்.

பானட்டில் தேய்த்தேன், துணி சிவந்தது. கூரை, டிக்கி, வலது பக்கம் முழுக்க சிவந்தது.

இடது முன்கதவில் துணி சிவக்கவில்லை. அதை ஒட்டிய மட்கார்டிலும் வரவில்லை. அழுக்கு மட்டும் வந்தது. துணியை மாற்றித் தேய்த்தேன். மறுபடி மாற்றித் தேய்த்தேன்.

யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 5, வியாழன்

அண்ணியின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்து அந்தக் கதவில் வைத்தேன். வழுக்கி விழுந்தது. அண்ணன் டிங்கர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், சுத்தியலை வைத்துவிட்டு வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். “உள்ள பூரா பட்டி, பள்ளத்த மாவு வச்சு ரொப்பியிருக்கான். நல்ல அடி வாங்கியிருக்கு. மேல கிளியர் அடிச்சு மூடியிருக்கான்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அவனுக்கு அது ஒரு கதவு.

வலது பக்கம் ஓட்டுகிறவர். இடது பக்கத்தில் அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? நோயில் இறந்தாள் என்றார். என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. கேட்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன். நாகரிகம் பார்த்து ஒருமுறை நாசமாய்ப் போனது போதாதா?

போன் செய்தேன். கார் எங்காவது இடித்திருக்கிறதா என்றேன். “இல்லையே. ஏன்?” என்றார். சும்மா கேட்டேன் என்றேன். சும்மாவாம். நானும் மறைக்க ஆரம்பித்தாயிற்று.

மார்ச் 7, சனி

நேற்று மாலை எண்ணெய்ப் பதமான கிளேஸைக் கனமாகத் தடவி விட்டுப் போனேன். காலையில் பார்த்தால் பானட் பாதியைக் குடித்துவிட்டிருந்தது. காய்ந்த தோல் மாதிரிதான் இதுவும். துடைத்து மறுபடி தடவினேன். இடது கதவில் தடவியது தடவியபடி மேலேயே நின்றது.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்வையைத் திருப்பிக்கொள்கிறேன். ஒரு கதவுக்குப் பயப்படுகிற பெண்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் 9, திங்கள்

பானட்டில் ஒரு பாதியை முடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு சிவப்பு. சந்தோஷப்பட முடியவில்லை. அசல் சிவப்பு வெளியே வர வர, அந்தக் கதவு செங்கல் நிறத்தில் தனியாகத் தெரிகிறது. இதுவரை இரண்டும் சேர்ந்து மங்கிக் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நான் வேலையை ஒழுங்காகச் செய்தால் குட்டு வெளிப்படும்.

எப்படி வருகிறது, ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். பக்கவாட்டில் நின்று எடுத்து அனுப்பினேன். வேண்டுமென்றே கதவும் தெரியும்படி. பதிலுக்கு ‘அருமை’ என்று ஒரே வார்த்தை.

மார்ச் 11, புதன்

அவர் மகள் வந்தாள்.

மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் உம்மணாமூஞ்சி. என்னை எந்த உறவுமுறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை, ‘நீங்க’வோடு சரி. இன்று முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா போனில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

“பாலிஷ் போடுறத நிறுத்திடுங்க” என்றாள்.

ஏன் என்றேன். தெரியும்தானே, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது என்று அழ ஆரம்பித்தாள். விக்கி விக்கிச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அப்பா வேலையாக வெளியூர் போயிருந்தார். சாவியை எடுத்துக்கொண்டு தனியாக ஓட்டிப் போய் ஒரு மதிலில் கொண்டுபோய் இடித்திருக்கிறாள். ஆளுக்கு ஒன்றும் இல்லை. அம்மா யாரையோ பிடித்து, அப்பா திரும்புவதற்குள் தட்டி, பெயின்ட் அடித்து நிறுத்திவிட்டார். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்புறம் அம்மாவே போய்விட்டார்.

என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது, உண்மைதான். நான் நினைத்ததெல்லாம் இல்லை. ஆனால் இறங்கிய பாரத்துக்குப் பதில் இன்னொன்று உடனே ஏறிக்கொண்டது.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னத் திட்டுவாரு, அது பரவால்ல. அம்மா கடைசி வரைக்கும் சொல்லல. அம்மாவ அவர்கிட்ட பொய்க்காரி ஆக்கிடாதீங்க.”

யோசிக்கிறேன் என்றேன். பெரிய மனுஷியாட்டம். என்னத்தை யோசிப்பது? சொன்னால் செத்துப்போன ஒருத்தியையும் இந்தப் பெண்ணையும் காட்டிக்கொடுத்தவள் ஆவேன், அதுவும் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே. சொல்லாவிட்டால் நான் போட்ட நிபந்தனையை நானே மிதித்துக்கொண்டு அந்த வாசல் ஏற வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

பானட் முனையில் டேப் ஒட்டாமல் பாலிஷ் மெஷினை வைத்துவிட்டேன். எனக்கு! பத்து வருஷமாக இதே வேலை. மடிப்பில்தான் பெயின்ட் மெலிசாக இருக்கும், அங்கே ஒரு கணம் அதிகம் நின்றால் போதும். கை எடுத்துப் பார்த்தால் மிளகு அளவுக்குச் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. பிரைமர், அடிப்பூச்சு. இந்தப் பெயின்ட் திரும்பி வராது.

மெஷினை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 14, சனி

அவர் வந்தார். முதலில் அந்த மிளகைக் காட்டினேன். உங்கள் காரில் ஒரு இடத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். குனிந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பரவாயில்லை என்றார்.

“நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. எங்கிட்ட சொல்லாம ஏதாவது இருக்கா?”

அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்காமல் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது கதவைப் பார்த்தார்.

“தெரிஞ்சுபோச்சா?” என்றார்.

அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். ஊரிலிருந்து வந்து கேட்டைத் திறக்கும்போதே பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்ததாம். உள்ளே போனால் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்களாம். டிவி அணைந்திருந்ததாம்.

“அவ்ளோ கஷ்டப்பட்டு மறச்சிருந்தாங்க. கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்ல மனசு வரல.”

சிரிப்பு வந்தது, சத்தியமாக. அடுத்த நிமிஷமே கோபம் தலைக்கு ஏறியது. அந்தப் பெண் இத்தனை வருஷமாகப் பயந்து பயந்து செத்துக்கொண்டிருக்கிறாள், அது தெரியுமா என்று கத்திவிட்டேன். அண்ணன் சுத்தியல் சத்தம் நின்றது. அவள் இங்கே வந்தாளா என்று கேட்டார். வாயை விட்டுவிட்டேன், வேறென்ன.

சரி, அது அவர்கள் குடும்பத்துக்குள். என்னிடம் ஏன்? யாரும் கை வைக்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரே, போனிலும் சொன்னாரே, அது ஏன் என்று கேட்டேன்.

“சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சுங்க.”

வேறு எது சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். எல்லாம் தெரிந்துகொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிற ஒருவரோடு எப்படி ஒரு கூரைக்குக் கீழ் இருப்பது? என்னைப் பற்றி என்னென்ன தெரிந்துவைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்? நான் தூக்கத்தில் குறட்டை விட்டால்கூட இவர் சொல்ல மாட்டாரே!

உங்கள் மகளிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள், அதற்கு முன்னால் பதில் கேட்டு இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

அண்ணி என்ன சண்டை என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

மார்ச் 18, புதன்

போன் இல்லை. ஆள் இல்லை. வேக்ஸ் போட்டு முடித்துவிட்டேன். சாவி ஆணியில் தொங்குகிறது. சொல்ல மாட்டார். சொல்கிற ஆளாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். எனக்கென்ன, நான் எப்போதும்போல் இருந்துகொள்வேன். இப்படி எழுதிவிட்டு எத்தனை தரம் கேட்டைப் பார்த்தேன் என்று எழுதவில்லை.

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், உம்மணாமூஞ்சி தோளில் ஒரு பையோடு ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் என் அறை வாசலில் வந்து நிற்கிறாள். முகமெல்லாம் வீங்கியிருக்கிறது.

“அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிகிட்டே சிரிச்சிட்டு இருந்திருக்காரு. நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்.”

உள்ளே வா என்றேன். வாசலைத் தாண்டுவதற்கு முன்னால், நான் உங்களுக்காக வரவில்லை, எனக்குப் போக வேறு இடமில்லை என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டாள். எனக்கும் உன்னைக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை என்றேன். கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டேன். கோபத்தில்கூட நன்றாகச் சாப்பிடுகிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

கடை சாத்தியதும் தினமும் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே வரவில்லை. நான் வராதீர்கள் என்றது நினைவிருக்கிறது போல. அண்ணன் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். துரோகி.

இன்று அவளே எழுந்து போனாள். ரொம்ப நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து சுவரைப் பார்த்தபடி சொன்னாள். அப்பாவுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியுமா, தெரிந்துதான் போனாரா என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஒருநாள் அம்மா “கார் விஷயமா ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாராம். இவர் போர்வையை இழுத்து மூடி, “கார் நல்லா இருக்கு, நீ தூங்கு” என்றாராம்.

“அம்மா சொல்லணும்னு நெனச்சிருக்காங்க. அவர் விடல” என்றாள்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. முகம் தெரியாத அந்த அம்மாளுக்காக. நல்லவர்தான். நல்லவர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மற்றவர்களின் வாயையும் சேர்த்து அடைக்கிற நல்லதனத்தை என்ன செய்வது?

மார்ச் 30, திங்கள்

மாதக் கடைசி. காரை எடுத்துக்கொண்டு போக வந்தார். உள்ளே வரலாமா என்று கேட்டு வந்தார். நான் பேச ஆரம்பிப்பதற்குள், எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று தூங்கவே முடியவில்லை என்றார். மறைக்கவில்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். பதிவு அலுவலகத்தில் தேதி கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லிவிட்டேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

கல்யாணம் முடிந்து இப்போது ஒரே வீடு. மதியம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சமையல் நான். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார், நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். வழக்கம்போல நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, “உப்பு ரொம்ப ஜாஸ்தி. சாப்பிட முடியல” என்றார்.

மகள் கையிலிருந்த சோற்று உருண்டையோடு அப்படியே இருந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்குக் கோபம் சுருக்கென்று வந்தது, அதுவும் உண்மைதான். பெருமையும் வந்தது, அதைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மோரை அவர் பக்கம் தள்ளிவிட்டு, நாளைக்கு நீங்களே சமையுங்கள் என்றேன். சரி என்றார். மகள் சிரிக்க ஆரம்பித்தவள், புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவே இல்லை.