கழுதைச் சாவடியின் குறுக்கு உத்திரம்

போடிநாயக்கனூர்,
ஆடி வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி கலீபுல்லாவுக்கு அக்கா ருக்கையா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் கோபத்தில் எழுதுவது.

போனில் பேசினால், "மீட்டிங் இருக்குக்கா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். அதனால்தான் தோஹாவுக்குத் திரும்புகிற பக்கத்துத் தெரு ரஃபி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

நீ அனுப்பிய கான்ட்ராக்டர் சிவக்குமார் ஆனியில் வந்து நம் சாவடியை அளந்தார். மரியாதையான மனிதர்தான். ஆனால் அவர் இதுவரை கட்டியதெல்லாம் சிமெண்டுக் கட்டடம். மாடியில் மேற்கு அறையோடு சேர்த்துக் குளியலறை வேண்டும் என்று நீ சொன்னாயாம். அங்கே ஆள் தலை உயரத்தில் குறுக்கு உத்திரம் போகிறது, கதவு வைக்க இடமில்லை, அறுத்துவிடலாம் என்றார். நான் கூடாது என்றேன். உடனே உன்னை வீடியோவில் கூப்பிட்டார். நீ என்ன சொன்னாய்? "அக்காவுக்கு அந்த மரத்து மேல பாசம். நீங்க வேலையப் பாருங்க." நான் பக்கத்தில்தான் நின்றேன், தம்பி.

எனக்கு அந்த மரத்தின்மேல் பாசமெல்லாம் கிடையாது. அதில் எத்தனை தடவை நெற்றியை இடித்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் வருகிறவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து இந்தச் சாவடியை நடத்துகிறவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது சொல்கிறேன், கேள்.

பூட்டனார் இதைக் கட்டியபோது மலைக்கு ரோடு கிடையாது. ஏலக்காய் மூட்டை கழுதை முதுகில் இறங்கி வந்தது. கீழே கழுதைகள் நிற்கும். மேலே மூட்டைகளும் வியாபாரிகளும். மலை மெட்டுக்கு அந்தப் பக்கம், மழை கொட்டுகிற ஊரிலிருந்து ஒரு மர ஆசாரியைக் கூட்டிவந்தார். அவர் தன் ஊர் மழைக்குக் கட்டுகிற மாதிரியே கூரையைச் செங்குத்தாக உயர்த்திவிட்டார். இந்த வறண்ட ஊருக்கு இது எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்களாம். கல்லின்மேல் வேங்கைத் தூண்கள் நிற்கின்றன. அவற்றில் துளைபோட்டு அயினி மர உத்திரங்களைச் செருகி மரமுளை அடித்திருக்கிறது. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. மண்செங்கல் சுவர் இடைவெளியை அடைக்க மட்டும்தான், பாரமெல்லாம் மரத்தில். அவ்வளவு உயரக் கூரையின் இரண்டு சரிவும் பிளந்து விலகாமல் பிடித்துக்கொண்டிருப்பவை அந்தக் குறுக்கு உத்திரங்கள். ஆடிக் காற்று கணவாயில் புகுந்து வரும்போது சாவடி முழுவதும் முனகும், அசையும், ஆனால் நிற்கும். இதைச் சொல்லத்தான் அன்று வாயைத் திறந்தேன்.

அறுத்தார்கள். கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. சிவக்குமார்கூட, "பாத்தீங்களாக்கா, நல்லாத்தான இருக்கு" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை காற்று கிளம்பியது. போடிமெட்டு ரோட்டில் பாறை சரிந்து ஜீப்புகள் மேலே போகவில்லை. தோட்ட வேலைக்குக் கிளம்பிய சனம் நம் சாவடியில்தான் உட்கார்ந்திருந்தது. மத்தியானச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். மேலே மரம் வெடிக்கிற சத்தம் கேட்டது. ஜீப்பு ஓட்டும் கோட்டைச்சாமி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, கூர வெலகுது! வெரசா எல்லாரையும் வெளியேத்துங்க!" என்று கத்தினார். இலையை மிதித்துக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள்.

தேவாரம் ஊரிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த ராமுத்தாய் மட்டும் காய்ச்சலோடு மாடியில் படுத்திருந்தாள். நான் ஏறினேன். மாடிப்படி ஒரு பக்கம் பிடி விட்டுத் தொங்கியது. கோட்டைச்சாமி கீழே தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அவளோ, "துணிப்பைய விட்டுட்டு வரமாட்டேன்" என்று அடம் பிடிக்கிறாள். "பையத் தூக்கிக் கீழ போடுங்கக்கா! மொதல்ல ஆளக் கொண்டாங்க!" என்று அவர் கீழேயிருந்து கத்துகிறார். அவளை இழுத்துக்கொண்டு இறங்கி வாசலைத் தாண்டும்போது மேற்குப் பக்கத்து ஓடெல்லாம் சரிந்து கொட்டியது. அப்போது எனக்குப் பயம் வரவில்லை. உன்மேல் வந்த ஆத்திரத்தில் பயத்துக்கு இடமில்லை.

ஜீப்பு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து தைலமரக் கம்புகளால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். மேற்குக் கூரை வெளியே சாய்ந்துதான் நிற்கிறது, விழவில்லை. மறுநாள் சிவக்குமார் வந்து பார்த்தார். "சார் சொன்னதத்தானக்கா செஞ்சேன்" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மெட்டுக்கு மேலேயிருந்து ஆசாரி வருகிறார், புது உத்திரம் போடுகிறோம். உன் சம்மதத்தைக் கேட்கவில்லை. குளியலறை கீழே கிணற்றுப் பக்கம் வரும்.

அன்றைக்கே உன்னைத் திட்டுவதற்காக ரமீஸாவுக்குப் போன் போட்டேன். பாவம், உனக்கு விழ வேண்டியதெல்லாம் உன் பெண்டாட்டிக்கு விழுந்தது. யாரோ தங்கிப் போகிற அறைக்காக இத்தனை பேர் தலையில் கூரையைத் தள்ளப் பார்த்தானே என்றேன். அதற்கு அவள், "மதினி, அந்த ரூமு தங்க வர்றவங்களுக்கு இல்ல. எங்களுக்கு" என்றாள். ரமலானிலிருந்து உனக்கு வேலை இல்லையாம். தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாயாம். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான் விடாமல் கேட்டதில் சொல்லிவிட்டாள்.

ஏன்டா, இதைச் சொல்ல இவ்வளவு கஷ்டமா? சாவடி உனக்கும் எனக்கும் பொதுவானது. நீ வந்து தங்க ஒரு கான்ட்ராக்டர் எதற்கு, வீடியோ எதற்கு, ரம்பம் எதற்கு? எனக்குக் கோபம் ஆறவே இல்லை. மரத்தை அறுத்ததற்குக்கூட அவ்வளவு இல்லை.

சரி, நடந்தது போகட்டும். ஓடு விழுந்ததில் என் இடது தோளில் அடி. எலும்பு முறியவில்லை, கையைத் துணித் தூளியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சொன்னால் பதறுவாய் என்று விட்டிருந்தேன். ஆனால் அக்காவுக்குக் கை விளங்கவில்லை, சாவடியைப் பார்க்க ஆளில்லை, அதனால் தம்பி பெரிய வேலையை விட்டுவிட்டு வருகிறான் என்று தெரு முழுவதும் சொல்லிவைத்துவிட்டேன். பள்ளிவாசலில்கூட விசாரித்தார்களாம். நீயும் வந்து அதையே சொல். வேறு எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளோடு சீக்கிரம் வா. அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

துஆவுடன் உன் அக்கா,
ருக்கையா