சீனிப் பிச்சிப்பூ

19.2.97, புதன்

பாறசாலைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு எல்லோரையும் இறங்கச் சொன்னார். ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஓர் இடைவழி உண்டென்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் நடந்தேன்.

ஒரு வீட்டின் முன்னறையில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு வள்ளம். மரமில்லை, கேக்! வலையும் உண்டு, வலைக்குக் கண்ணியும் உண்டு, எல்லாம் சீனி. பக்கத்து ஊர் காரோட்டில் யாரோ புது வள்ளம் இறக்குகிறார்களாம். வெட்கமில்லாமல் பத்து நிமிஷம் வாசலில் நின்று பார்த்தேன்.

இருபது வருஷமாக நெய்யாற்றின்கரைக்கு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கப் போய்வருகிறேன். இப்படி ஒரு கடை இருப்பது தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்ல வாயெடுத்தேன். கேட்க யார் இருக்கிறார்கள்? அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

22.2.97, சனி

மறுபடி போனேன். கடைக்காரி பெயர் விஜயம்மா. முழங்கை வரை மாவு. "அன்னைக்கு வந்து நின்னிய இல்லியா? உள்ள வந்து இரிங்க அக்கா" என்றாள்.

சும்மா பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? பிறந்தநாள் கேக் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"ஆருக்காக்கும்?"

"தங்கச்சிக்கு."

சொன்ன பிறகுதான் திடுக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக இந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வட்டமா சதுரமா என்று அவள் கேட்கவில்லை. "அவிய கையில எப்பவும் என்ன இருக்கும்? அதச் சொன்னாத்தான் நான் செய்வேன்" என்றாள். யார் வந்தாலும் அதைத்தான் கேட்பாளாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஓலைப்பெட்டி. பெட்டி நிறையப் பிச்சிப்பூ. சாயங்காலம் ஆனால் ஷீஜா கையில் அது இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

என் கையில் என்ன இருக்கும் என்று யாராவது கேட்டால்? குடை. பஸ் பாஸ்.

23.2.97, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஷீஜா யோசுவாவைக் கட்டிக்கொண்டு காரோட்டுக்குப் போன வாரம், கிணற்றடியில் நின்ற பிச்சிக்கொடியை நான்தான் அடியோடு, மூட்டோடு வெட்டிப் போட்டேன். அம்மா கையைப் பிடித்துத் தடுத்தாள். சைவக் குடும்பத்து மானம் போச்சு என்று கத்தினேன். மானம்! அதை வைத்து இந்த வீட்டில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

அதைக்கூட விடலாம். அம்மா செத்த அன்று அவள் வந்தாள். கேட்டுக்கு வெளியே மழையில் நின்றாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "வாட்டீ" என்று ஒரு வார்த்தை — என் வாய்க்கு என்ன கேடு வந்தது? சொல்லவில்லை. சிதைக்குத் தீ வைத்து ஆட்கள் திரும்பும்போது அவள் அங்கே இல்லை.

5.3.97, புதன்

கேக்குக்குச் சொல்லியாயிற்று. முட்டை கூடாது என்றேன். விஜயம்மா சிரித்தாள். "பிள்ளமாரு வீடு இல்லியா, எனக்குத் தெரியும். தயிரு விட்டு அடிச்சா பஞ்சு மாதிரி வரும். பூவுக்கு சீனியும் பாதாம் பிசினும்தான்."

காரோட்டுக்கு ஒரு கார்டும் போட்டேன். ஆறு கார்டு கிழித்தேன். ஊருக்கெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரம் அடிப்பவளுக்கு நாலு வரி வரவில்லை. கடைசியில், "மீன மாசம் உன் நாளன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வா. அக்கா" என்று மட்டும் எழுதினேன். தேதி எதற்கு? பங்குனியில் தன் நட்சத்திரம் ரோகிணி என்றைக்கு என்று அவளுக்குத் தெரியாதா? ஆபீஸ் காலண்டரில் 15ஆம் தேதி போட்டிருக்கிறது.

14.3.97, வெள்ளி

பதில் இல்லை. பதில் போடாவிட்டாலும் ஆள் வரலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

15.3.97, சனி

லீவு போட்டேன். காலையில் ஆட்டோவில் கேக்கை மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பெட்டியின் பின்னல் ஒவ்வொன்றும் தெரிகிறது, விளிம்பில் ஓலை பிரிந்திருப்பதுகூட. பூக்களில் பாதி மொட்டு, பாதி மலர்ந்தது, காம்பில் லேசான சிவப்பு. முகர்ந்து பார்த்தேன், பைத்தியம் மாதிரி.

அவியல், எரிசேரி, அடைப்பிரதமன். இரண்டு இலை போட்டேன்.

ஒரு மணி. இரண்டு. எறும்பு வராமல் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அதன் நடுவில் கேக்கைத் தூக்கி வைத்தேன். கேட்டுப் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போனேன். பால் சொசைட்டிக்காரர். அப்புறம் ஒரு ஆடு.

நாலரைக்கு ஒரு இலையை மடித்து எடுத்தேன். அவள் இலையை.

17.3.97, திங்கள்

கேக்கை வீட்டில் வைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை. பூக்களை எடுத்துவிட்டு மீதியை ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கிருஷ்ணன்குட்டி வக்கீல் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "மரகதவல்லிக்குப் பிறந்தநாளா? சொல்லவே இல்லையே!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. நன்றி என்றேன்.

திரும்பும்போது விஜயம்மா வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "சாரமில்லா, போட்டும் அக்கா. பூவ டின்னில போட்டு மூடி வைங்க. அது கெடாது" என்று மட்டும் சொன்னாள்.

பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

30.3.97, ஞாயிறு

ஈஸ்டர். இத்தனை நாளும் அவர்களுக்கு நோன்பு, அதனால்தான் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றோடு நோன்பும் முடிந்தது. இனி எதைச் சொல்லிக்கொள்வது? வரவில்லை, அவ்வளவுதான். நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

11.4.97, வெள்ளி

முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் ஆபீசுக்குப் புறப்பட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன். வெளியே ஷீஜா. தலையில் பாதி நரைத்துவிட்டது. என்னைவிட எட்டு வயது சின்னவள். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம்.

"எங்க அக்கா போற? சாப்பாட்டுக்கு வரச்சொல்லிட்டு?"

"போன மாசம்... பதினஞ்சாம் தேதி... இலை போட்டு..." என்று உளறினேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அது முதல் ரோகிணி இல்லியா? இந்த மீனத்துல ரெண்டு ரோகிணி உண்டு. ரெண்டு வந்தா ரெண்டாவது தான் பிறந்தநாள். அம்மா எப்பவும் அப்படித்தானே எடுப்பா? முதல் ரோகிணிக்குப் பாயசம் இல்லைன்னு சின்னதுல நான் எவ்வளவு அழுதிருக்கேன்!"

பஞ்சாங்கம் பார்த்ததெல்லாம் அம்மா. கூடவே இருந்த எனக்குத் தெரியவில்லை, தள்ளிவைக்கப்பட்டவள் மறக்கவில்லை. கேட்டுக்கு வெளியேதான் இன்னும் நின்றாள். சொன்னேன். "உள்ள வாட்டீ" என்று சொன்னேன். சத்தமாகவே வந்தது.

ஆபீசுக்குப் போகவில்லை. வீட்டில் ஒன்றும் இல்லை, கஞ்சியும் பயறும்தான். டின்னைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு மொட்டை எடுத்துக் கறுக்கென்று கடித்தாள்.

"மூட்டோட வெட்டினவளுக்கு இப்ப சீனியில வேணுமாக்கும்" என்றாள். சிரித்தாள். அப்புறம் அழுதாள். நானும்தான்.

போகும்போது டின்னைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்பது வயதில் சுமி என்று ஒரு மகள் இருக்கிறாளாம். பெரியம்மா தந்தது என்று சொல்லிக் கொடுப்பாளாம்.

பெரியம்மா.

16.4.97, புதன்

சுமிக்கு ஒரு கேக் வேண்டும் என்று விஜயம்மாவிடம் போனேன். அவள் கேட்பதைத்தான் கேட்டாள்: "பிள்ள கையில எப்பவும் என்ன இருக்கும்?"

"தெரியாது" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை காரோட்டுக்குப் போறேன். பார்த்துட்டு வந்து சொல்லுதேன்."