நாற்பத்தோராவது வரி

ஏர்வாடி,
9-1-2025, வியாழன்.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கு உடல் சுகத்தையும் மன நிம்மதியையும் அல்லாஹ் குறைவில்லாமல் தரட்டும். இங்கே உங்கள் உம்மா, மகள் ஷிஃபா, நான் மூவரும் சுகம். உம்மாவுக்குக் குளிரில் மூட்டுவலி கொஞ்சம் கூடுதல். ஷிஃபாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உங்களிடம் காட்டக் கூச்சமாம். அதனால்தான் இரண்டு நாளாக வீடியோவில் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள்.

தினமும் போனில் பேசுகிறவள் கடிதம் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் நாலு சொல்வீர்கள். பிறகு நான் அழுவேன், நீங்கள் சமாதானம் சொல்வீர்கள், சொல்ல வந்த விஷயம் அப்படியே நின்றுவிடும். காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. உங்களோடு குடோனில் வேலை பார்க்கும் தாஜ் முகம்மது அண்ணன் லீவு முடிந்து சனிக்கிழமை தம்மாமுக்குத் திரும்புகிறார். அவர் கையில் நார்த்தங்காய் ஊறுகாயும் சுக்குப் பொடியும் களக்காட்டு நேந்திரங்காய் சிப்ஸும் கொடுத்துவிடுகிறேன். அடியில் இந்தக் கடிதமும் ஒரு பென் டிரைவும் இருக்கும். இடுப்புக்கான தைலத்தை இந்த முறை வைக்கவில்லை. காரணம் கடிதத்திலேயே வரும்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்கு இன்டர்வியூவுக்குப் போனேன் அல்லவா. காலை எட்டு மணி பஸ்ஸில் நாங்குநேரி போய் அங்கிருந்து மாறிப் போனேன். பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம். மொத்தமே ஆறு பேர். நடத்துகிறவர் ஹெப்சிபா என்றொரு மேடம். என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, எந்தப் பிள்ளை எந்த ஸ்டாப்பில் இறங்குகிறது என்று பஸ் வாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னார். இருபது நிமிடத்தில் முடித்தேன். அவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். வீட்டில், இலவச ஆன்லைன் பாடத்தில் என்றேன். சான்றிதழைக் கேட்டார். எடுத்துக் காட்டினேன். ஆறு சான்றிதழ், ஆறிலும் உங்கள் பெயர்.

அது ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது பழைய லேப்டாப்பை என்னிடம் கொடுத்து, பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாயே, இதைப் பார் என்று சொன்னது நீங்கள்தான். அன்றைக்கு உங்கள் மெயிலிலேயே கணக்குத் திறந்தோம். நமக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. கேஸ் சிலிண்டருக்குக்கூட ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வருகிறது. நீங்கள் தம்மாமிலிருந்து பார்த்துச் சொல்லும்வரை சிலிண்டர்காரர் வாசலில் நிற்கிறார். வீட்டில் எல்லாமே உங்கள் நம்பரில் இருக்கும்போது என் படிப்பு மட்டும் எப்படி என் பெயரில் இருக்கும்?

ஆனால் படித்தது நான். சுபுஹு தொழுதுவிட்டு, ஷிஃபா எழுந்திருக்கும்வரை உட்காருவேன். வாத்தியாரின் ஆங்கிலம் புரியாமல் ஒவ்வொரு வீடியோவையும் மூன்று தரம் ஓட்டினேன். புரோகிராமில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் அடுத்து எந்தத் தேதியில் வரும் என்று சொல்லுகிற புரோகிராம்தான் நான் சொந்தமாக எழுதிய முதல் புரோகிராம். தெருவே என்னிடம் வந்து தேதி கேட்டது. அன்றைக்கு உங்களிடம் சொன்னபோது நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள்.

அதற்குப் பிறகுதான் பயிற்சிகள் வர ஆரம்பித்தன. கோர்ஸிலிருந்து உங்கள் மெயிலுக்கு வந்ததாகச் சொல்லி எனக்கு அனுப்புவீர்கள். குடோனில் இத்தனை அலமாரி, இத்தனை பெட்டி, எதன் காலாவதித் தேதி முதலில் வருகிறதோ அதை முதலில் எடுக்கச் சொல்ல வேண்டும். நம் குடும்பத்துக்குத் தெரிந்த விஷயமாகவே கேட்கிறார்களே, எவ்வளவு நல்ல கோர்ஸ் என்று மெச்சிக்கொண்டேன். நாளைக்குள் முடி என்று அவசரப்படுத்துவீர்கள், முடிப்பேன். வெள்ளிக்கிழமை மட்டும் பயிற்சியே வராது. பாடம் நடத்துகிறவர்களுக்கும் ஜும்ஆ லீவா என்று உங்களைக் கேலி செய்தேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை தாஜ் அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். உம்மாவுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டே சொன்னார்: “ஒன் மாப்பிள்ள இப்ப பெட்டி தூக்கல, தெரியும்லா தங்கச்சி? நாலு மாசமா ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி இருக்காரு. ரூமுக்கு வந்து தானாவே படிச்சி முன்னுக்கு வந்த ஆளுன்னு மேனேஜரு எல்லார்ட்டயும் சொல்லுதாரு. சர்டிபிகேட்ட எல்லாம் சட்டம் போட்டு மாட்டிருக்கு.”

நான் நம்பவில்லை. வேறு ஏதோ சான்றிதழாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்போது அவர் சிரித்துக்கொண்டே, “எந்தப் பெட்டிய மொதல்ல எடுக்கணும்னு அவரு எழுதுன புரோகிராம்தான் எங்களுக்குச் சொல்லுது. கடைசில ‘பைய எடுங்க’ன்னு ஒரு வரி வரும். மலையாளத்துக்காரனும் நேபாளத்துக்காரனும் இப்ப அதையே சொல்லிக்கிட்டு அலையுதானுவ” என்றார்.

அந்த வரி நான் போட்டது. கோர்ஸில் யாரும் கேட்கவில்லை. பெட்டி என்று எழுதும்போதெல்லாம் உங்கள் இடுப்புதான் ஞாபகம் வரும். அதனால் விளையாட்டாக, மெதுவாக எடுங்கள் என்று உங்களுக்குச் சொல்வதுபோல, கடைசியில் சேர்த்துவிடுவேன்.

தாஜ் அண்ணன் முன்னால், ஆமாம் அண்ணே, ரொம்பக் கஷ்டப்பட்டுப் படித்தார்கள் என்று தலையாட்டினேன். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பிள்ளை படித்துவிட்டானே என்று. அடுப்படிக்குப் போய் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே நின்றேன். நாலு மாதமாக ஏசியில் உட்கார்ந்திருக்கிறவரின் இடுப்புக்கு நான் மாதம் தவறாமல் தைலம் அனுப்பியிருக்கிறேன். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், பரவாயில்லை என்று சொல்லுவீர்கள்.

நான் நன்றாக ஏமாந்துபோனேன் மச்சான். கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டேனா? அந்த வெயிலிலிருந்து உங்களை ஒரு மின்விசிறிக்குக் கீழாவது உட்காரவை என்று நான் துஆ கேட்காத நாள் இல்லை. அது நடந்திருக்கிறது, என் கையாலேயே நடந்திருக்கிறது. அந்தச் சந்தோஷம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் சான்றிதழில் பெயரை மாற்றலாமா என்று நான் கெஞ்சினேனே, அது முடியாது, நமக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று போனை வைத்தீர்கள். வேறு யாராவது எனக்கு இப்படிச் செய்திருந்தால் உங்களிடம்தான் சொல்லி அழுதிருப்பேன்.

பாடங்களை என் சொந்த மெயிலில் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். தெரிந்ததுதான் என்றாலும் ஆறையும் முடிக்க இரண்டு மாதம் ஆகும். ஹெப்சிபா மேடம் இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் கேட்கிறார். அவர் நல்லவர். “சர்டிபிகேட் இல்லாட்டியும் பரவாயில்ல. நீங்க எழுதுன ஒண்ணு எங்கயாச்சும் உங்க பேரோட ஓடிக்கிட்டு இருந்தா அதக் காட்டுங்க, போதும்” என்றார்.

வருகிற செவ்வாய்க்கிழமை ரியாத்திலிருந்து பெரிய மேனேஜர் வருவதால் கடைசியாக அனுப்பிய பயிற்சி அவசரம், இல்லையா? எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்காதீர்கள், அதுவும் தாஜ் அண்ணன் சொன்னதுதான். பயப்படாதீர்கள், முடித்துவிட்டேன். பென் டிரைவில் இருக்கிறது. மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மொத்தம் நாற்பத்தோரு வரி. கடைசி வரியில் மட்டும் ‘பைய எடுங்க’ இல்லை. ‘எழுதியது ரைஹானத், ஏர்வாடி’ என்று திரையில் வரும். அந்தத் திரையைத் தினமும் பார்த்துப் பெட்டி எடுக்கிற தாஜ் அண்ணனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்.

அந்த வரி இருந்தால் அங்கே உங்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் நான் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதினேன். இருக்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், திரையை ஒரு போட்டோ எடுத்து இருபத்தைந்தாம் தேதிக்குள் எனக்கு அனுப்புங்கள். வேறு எதுவும் கேட்க மாட்டேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். மற்ற நாற்பது வரியும் அது இல்லாமலே ஓடும். ஒரு வரியை அழிக்க நீங்கள் என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். ஊறுகாயில் உப்பு கொஞ்சம் தூக்கல். நீங்கள் இருக்கிற நாற்காலியில் அல்லாஹ் உங்களை நிலையாக வைக்கட்டும், எனக்கும் ஒரு நாற்காலி தரட்டும்.

வஸ்ஸலாம்,
ரைஹானத்.