உருகிப்போன நாலு மாச வேலை

அன்புள்ள அப்பாவுக்கு அலீசியா எழுதுறேன். கர்த்தர் கிருபையில நான் சுகம். லோரி ஓட்டுறப்ப முட்டி இன்னும் வலிக்குதா? அம்மா பிரஷர் மாத்திரைய ஒழுங்கா போடுறாங்களா?

இங்க ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு. பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகல. கண்ணுக்கே தெரியாத தங்கத் துகளுங்க தண்ணியில தானாவே ஒண்ணு சேரும். அந்தத் தண்ணிய நொடியில உறைய வச்சு, எப்படிச் சேருதுன்னு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்க்குறதுதான் என் படிப்பு. உறைய வச்சதெல்லாம் திரவ நைட்ரஜன் தொட்டியில இருந்துச்சு. போன வாரம் லீவுல நைட்ரஜன் ஆவியாகித் தொட்டி காஞ்சுபோச்சு. எல்லாம் உருகிடுச்சுப்பா, நாலு மாச வேலை.

"யார் மேலயும் தப்பில்ல, முதல்லேர்ந்து செய்"னு புரொபசர் சொல்லிட்டாரு. யார் மேலயாவது தப்பு இருந்தா கோபமாவது படலாம். மைக்ராஸ்கோப் மறுபடி கிடைக்கிறது பிப்ரவரியில. அதுக்குள்ள எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். கிறிஸ்மஸுக்கு வர முடியாது லா, அப்பா. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.

நம்ம பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் கடையில மீன்கறி மசாலா ரெண்டு பாக்கெட் வாங்கி அனுப்புங்க. அப்புறம், நான் கூப்பிடுறப்ப டிவிய அடைக்காதீங்க, ஓடட்டும். நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டாலும் பரவாயில்ல, பக்கத்துலயே போனை வைங்க. நான் ஒண்ணும் பேசமாட்டேன், கேட்டுக்கிட்டு இருக்கேன்.

லேப்ல கூப்பிடுறாங்க, போறேன்.

உங்க மகள்,
அலீசியா