மார்கழியில் எடுக்காத வண்டி

மாமா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் கூடத்தில் படுத்தபடியே, "விளக்க அணைச்சுட்டுப் படும்மா, புள்ள முழிச்சுக்கப் போவுது" என்று சொல்லியிருப்பீர்கள். பகலில் எழுத உட்கார்ந்தால் அத்தை யாருக்கு என்று கேட்பார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. அந்தத் திறமை இந்த வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதவே வந்தேன்.

பாப்பாவுக்கு இரண்டு நாளாகச் சளி. கம்பளிச் சட்டையைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது அடியில் உங்கள் குரங்குக் குல்லா அகப்பட்டது. ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்ததை நான்தான் சுருட்டி அங்கே திணித்திருக்கிறேன். துவைக்கவில்லை. பெட்ரோலும் நீலகிரித் தைலமும் கலந்த அந்த வாசனை ஒரு வருஷம் கழித்தும் போகவில்லை. பாப்பாவைத் தூக்கி அதன் பக்கத்தில் பிடித்தேன். தும்மினாள். தாத்தாவை அவளுக்கு அந்த அளவுதான் தெரியும்.

கார்த்திகை பிறந்துவிட்டால் நம் வீட்டு விடியல் உங்கள் பழைய கறுப்பு டாக்ஸி வண்டியிலிருந்துதான் தொடங்கும். நாலேகாலுக்கு நான் அடுப்பு மூட்டிக் குண்டானில் தண்ணீர் வைப்பேன். நீங்கள் முன்பக்கப் பானட்டின் மேல் இரவு போர்த்திய சாக்குகளை எடுத்து உதறுவீர்கள். கண்ணாடியில் பனியைத் துடைத்துவிட்டு, மறுபடி படியாமல் இருக்கப் புகையிலையைத் தேய்ப்பீர்கள். தண்ணீர் கொதித்ததும் பாதி உங்கள் ரேடியேட்டருக்கு, போன மார்கழியில் பாப்பா வந்தபின் மீதி விளாவி அவளுக்கு. "ரெண்டு புள்ளைக்கும் ஒரே வெந்நீரு" என்பீர்கள். பிறகு முன்னால் ஹேண்டிலை மாட்டிச் சுற்றுவீர்கள். ஒன்று, இரண்டு, சில நாள் பத்து. வண்டி இருமி இருமிக் கிளம்பும்போது நீங்களும் இருமுவீர்கள். அரியலூர் ஸ்டேஷனுக்கு விடியற்காலைப் பாசஞ்சர் வருவதற்குள் ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

பாப்பாவின் துணிகள் அந்தப் பனியில் எங்கே காய்ந்தன? நீங்கள் சவாரி முடித்து வந்ததும் சூடு ஆறாத பானட்டின் மேல் அவற்றை வரிசையாக விரிப்பேன். ஒருநாள் ஒரு துணியை எடுக்க மறந்துவிட்டேன். நீங்களும் பார்க்காமல் ஓட்டிப் போய்விட்டீர்கள். ஸ்டாண்டில் இருந்தவர்கள், "என்னாங்கண்ணே, வெள்ளைக் கொடி கட்டியிருக்கீங்க, புதுக் கட்சியா?" என்று கேட்டார்களாம். "எங்கூட்டுப் பேத்தி ஆரம்பிச்ச கட்சி. ஈரமாத்தான் இருக்கும்" என்று சொன்னதாக வந்து சொன்னீர்கள். அத்தைகூட அன்றைக்குச் சிரித்தார்கள்.

புது வண்டிக்கு நீங்கள் பணம் கட்டிப் பதிந்தது எமர்ஜென்சி சமயத்தில். உங்கள் மகனுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஏழு வருஷம் வரிசையில் நின்றீர்கள். திருச்சி ஷோரூமிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தால் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரும்வரை காத்திருப்பீர்கள். நான் படித்துச் சொல்வேன். "இன்னும் நம்ம முறை வரல மாமா." ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. போன மார்கழியில், பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்து பெரம்பலூரில் எங்கள் அம்மா வீட்டிலிருந்து நீங்கள் எங்களை அழைத்து வந்த பத்தாம் நாள், வேறு மாதிரிக் கடிதம் வந்தது. வண்டி வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் எடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும்.

நீங்கள் அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னீர்கள். மூன்றாம் தடவை தேதி வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு மார்கழியில், ஏழு மாதத்தில் வலி எடுத்து இதே கறுப்பு வண்டியின் பின் சீட்டில் என்னைக் கொண்டுபோனீர்கள். திரும்பும்போது மடியில் ஒன்றும் இல்லை. அந்த மாதம் என்றாலே எனக்குப் பயம். பி.எஸ்ஸி. படித்தவள்தான். பூவின் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று படம் வரைந்து பாகம் குறித்துப் பாஸ் செய்தவள்தான். மார்கழியில் புதுசாக ஒரு வண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து அதில் என் குழந்தையை ஏற்றுவதை மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றும்போதுதான் கேட்டேன். "மாமா, தை பொறந்து எடுத்துக்கலாமா?"

கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர் நீங்கள். ராகுகாலத்தில் சவாரிக்குக் கூப்பிட்டால் முதலில் கிளம்புகிறவர். சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். மூடியைத் திருகி மூடிவிட்டு, "ஏழு வருஷம் நின்னாச்சு தாயி. இருவது நாள்ல என்னா ஆயிடப் போவுது" என்றீர்கள்.

அந்த இருபது நாளைத்தான் மாமா, நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே திருச்சிக்கு நாம் மூன்று பேரும் போனோம். பாப்பா என் மடியில். கோயிலுக்கே போகாத நீங்கள் ஷோரூமின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டீர்கள். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விட்டீர்கள். வழுவழுவென்ற தரையில் வெறுங்காலோடு நின்றீர்கள். மேனேஜர் என்னை மட்டும் உட்காரச் சொல்லி என்னிடம் இங்கிலீஷில் பேசினார். தை பிறந்து எடுத்துக்கொள்கிறோம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அடுத்து இருப்பவர் ஒரு டாக்டராம். அவருக்கு மார்கழியெல்லாம் கிடையாதாம், நாளைக்கே எடுத்துக்கொள்வாராம். பிறகு தமிழுக்கு மாறினார். "படிச்சவங்க நீங்களே இதெல்லாம் பாக்குறீங்களா?"

என் காது சுட்டது. நீங்கள் மேஜைக்கு ஓரடி முன்னால் வந்தீர்கள்.

"இந்தப் புள்ள ஒண்ணும் பாக்காது சார். நாந்தான். நான் கொஞ்சம் பஞ்சாங்கம் பாக்குற ஆளு."

அவர் அதற்கும் சிரித்தார். உங்களைப் பார்த்துச் சிரித்தார். நீங்களும் கூடவே சிரித்தீர்கள். கடைசியில் முழுப் பணத்தையும் கட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் தை வரைக்கும் அவர்கள் ஷெட்டிலேயே நிற்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். வண்டியைக் காட்டினார்கள். வெள்ளை வெளேரென்று, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. உட்கார்ந்து பாருங்கள் என்றார்கள். "அன்னிக்கே உக்காந்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு, பாப்பாவின் கையை மட்டும் பிடித்துக் கதவுக் கைப்பிடியில் வைத்து எடுத்தீர்கள். உங்கள் பேரை ஒரு காகிதத்தில் எழுதி வைப்பருக்கு அடியில் செருகினார்கள்.

திரும்பும் வழியில், லால்குடி தாண்டியதும் சொன்னீர்கள். "நாந்தான் சொன்னேன்னு இருக்கட்டும். உங்க அத்தைக்குத் தெரிஞ்சா வருஷம் பூரா உன்னைய குத்திக்காட்டுவா." வீட்டுக்கு வந்து அத்தையிடமும் அப்படியே சொன்னீர்கள். ஸ்டாண்டிலும் சொன்னீர்கள். வாழ்நாள் முழுக்க நீங்கள் கேலி செய்த ஒன்றை, எனக்காக எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பின் பதினேழாம் நாள். பொங்கலுக்கு மூன்று நாள் பாக்கி. நான் அடுப்பு மூட்ட எழுந்தபோது நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். சாக்குகளை அப்போதுதான் எடுத்திருந்தீர்கள். உங்கள் மகனுக்குச் சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்ட். அத்தை ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுச் செல்வராசு அண்ணனை எழுப்பிவந்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், லாரியைக் குவாரியில் விட்டுவிட்டு வந்திருந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்கு நாலு மைல். கறுப்பு வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

நான் கொதிநீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். அவசரத்தில் பாதி மண்ணில் போயிற்று. அண்ணன் ஹேண்டிலைச் சுற்றினார். சுற்றினார். வண்டி இருமக்கூட இல்லை. தெருக்காரர்கள் வந்து தள்ளினார்கள். முந்திரித் தோப்பு முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பவும் தள்ளினார்கள். பின் சீட்டில் உங்களைப் படுக்கவைத்து, இந்தக் குல்லாவைக் காது மூட இழுத்துவிட்டேன். பாப்பா என் தோளில். நீங்கள் கண்ணைத் திறந்து, "புள்ளைய பனியில நிக்க வெக்காத, உள்ள போ" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். வண்டி கிளம்பியபோது பொழுது வெளுத்துவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்த நேரத்தில் திருச்சியில், நாம் முழுசாகப் பணம் கட்டிய வண்டி, வைப்பருக்கு அடியில் உங்கள் பேரோடு நின்றுகொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு சாதாரண நாளில், நேரம் காலம் பார்க்காமல் உங்கள் மகன் போய் அதை எடுத்துவந்தார். இப்போது செல்வராசு அண்ணன் லாரியை விட்டுவிட்டு அதைத்தான் ஸ்டாண்டில் ஓட்டுகிறார். இரவில் நம் வாசலில் நிற்கும். புது வண்டி மாமா. சாவியைத் திருப்பினால் போதும், உடனே எடுக்கும். ஆனாலும் நான் நாலேகாலுக்கு எழுந்துவிடுகிறேன். வெந்நீர் வைக்கிறேன். சாக்கை எடுத்து உதறிக் கண்ணாடியைத் துடைக்கிறேன். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி, அது உறுமுவதைக் கேட்டுவிட்டு அணைத்துவிட்டு வருகிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. கிளப்ப மட்டும் தெரியும். "டெய்லி எந்த ஊருக்குத் தங்கச்சி? பெட்ரோலாச்சும் மிச்சம் வையி" என்று அண்ணன் கேலி பேசுவார். பாப்பா சளியில் மூச்சு வாங்கினால் நடுச்சாமத்திலும் ஒரு தடவை கிளப்பிப் பார்க்கிறேன். உங்கள் மகன் தூங்குவதுபோல் படுத்திருப்பார்.

இன்று உங்கள் முதல் திதி. சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பந்தியில் பேச்சு வண்டிக்கு வந்தது. வந்தே தீரும். அத்தை தூணோரம் உட்கார்ந்து, "தை பொறக்கட்டும், தை பொறக்கட்டும்னு நின்னாரு. அந்த வண்டி வூட்டுல நின்னுருந்தா மனுஷன் பொழைச்சிருப்பாரு. அவராத் தேடிக்கிட்டாரு" என்றார்கள். உங்கள் ஒன்றுவிட்ட தம்பி, "ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசிப்புட்டு, கடைசியில அண்ணனே பஞ்சாங்கத்தப் புடிச்சாரு பாத்தீங்களா" என்றார். இலையில் இருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அது உங்களைப் பார்த்துச் சிரித்தது, ஷோரூமில் சிரித்த மாதிரியே. அன்றைக்கு நீங்கள் முன்னால் வந்து நின்றீர்கள். இன்றைக்கு நான் சாம்பார் வாளியோடு நின்றேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டுக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

ஒரு வருஷமாக இப்படித்தான் மாமா. அத்தை அழுதால் உங்கள் மேல் கோபத்தோடுதான் அழுகிறார்கள். உங்களை நினைத்து நிம்மதியாக அழக்கூட அவர்களை நான் விடவில்லை. நான் சொல்லாததால்.

அதனால் சொல்லிவிடப் போகிறேன். காலையில் வண்டியைக் கிளப்பிவிட்டு, வெந்நீர் கொதிக்கிறபோது, முதலில் அத்தையிடம். குத்திக்காட்டுவார்கள். வருஷம் பூரா என்ன, ஆயுள் பூரா இருக்கட்டும். உங்கள் பேச்சை மீறுகிறேன் என்று தெரியும். எனக்காக நீங்கள் சொன்ன ஒரே பொய்யை நானே உடைக்கிறேன். அதற்கு நீங்கள் என்னைக் கோபித்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அன்று பின் சீட்டிலிருந்து என்னை உள்ளே போகச் சொன்னீர்களே, அது பனிக்காக மட்டும்தானா? வண்டி எடுக்காமல் நிற்பதை நான் பார்க்க வேண்டாம் என்றா? அந்த நேரத்திலும் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்களா?

பாப்பா இருமுகிறாள். குல்லாவை அவள் காலடியில் வைத்திருக்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள் மாமா.