விருப்பத்துடன் விற்றவர்

உன் காணிக்கு விலை வைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை, செயலகத்துக் காணிக் கிளையில், விலைமதிப்பீட்டு உத்தியோகத்தர் தன் வாயாலேயே எனக்கு உறுதிப்படுத்திய செய்தி இது. எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டமும் கிணறும் இனித் திரும்பி வராது, இராணுவ முகாமுக்கென்று சுவீகரித்தாயிற்று. பதிலாக உன் மனைவிக்கு ஒரு தொகை கிடைக்கும். அந்தத் தொகைக்கு இன்று அதே ஊரில் ஒரு கிணறு வெட்டிக் கட்ட முடியாது.

எப்படி இந்த விலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். உத்தியோகத்தர் இளைஞன், மரியாதையானவன்.

“விருப்பமுள்ள ஒருத்தர் விருப்பமுள்ள இன்னொருத்தருக்கு விக்கிற விலை, ஐயா. அதுதான் சந்தைப் பெறுமதி.”

“ஆமியின்ரை கம்பிக்குள்ளை முப்பது வருஷத்துக்கு மேலை கிடக்கிற காணியை ஆர் தம்பி வாங்க வந்தது?”

“ஒருத்தரும் வரேல்லை. அதாலைதான் கடைசியாப் பதிஞ்ச காணி விற்பனை உறுதியைப் பார்த்தம். பக்கத்துக் காணி, எண்பத்தாறிலை வித்திருக்கினம். அதிலையிருந்துதான் கணக்குப் போட்டனாங்கள்.”

பக்கத்தில் இருந்த உன் மனைவி கதிரையை முன்னுக்கு இழுத்தார். “தம்பிக்குக் காணி இருக்கோ?”

“ஓம் அம்மா, கோண்டாவிலிலை.”

“அதை உந்த விலைக்கு எனக்குத் தாரும். எனக்கு நல்ல விருப்பம்.”

பின் மேசையில் இருந்த பெண் குனிந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. “அது வேறை, அம்மா” என்றான்.

அந்தப் பக்கத்துக் காணி கந்தையா அண்ணையுடையது. அவர் அதை விற்றபோது நீயும் இருந்தாய், நானும் இருந்தேன். அதனால்தான் இல்லாத உனக்கு எழுதுகிறேன். இருப்பவர்களிடம் சொல்லப் போனால் கத்திவிடுவேன்.

நீ விடியலில் பாத்தி பாத்தியாக வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறினாய். பின்னேரங்களில் தனியார் வகுப்பு நடக்கும் ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தாய். பத்திரிகைக்குச் சந்தை விலை எடுக்க நான் சுன்னாகத்துக்கு வருவேன். உன் வகுப்பு முடியும்வரை வாசலில் நின்று, நீ கரும்பலகையில் இரண்டு கோடுகள் கீறுவதைப் பார்ப்பேன். ஒன்று வாங்க நிற்பவர்களுக்கு, மற்றது விற்க வருபவர்களுக்கு. வெட்டும் இடத்தில் விலை. இவ்வளவு பேரின் ஆசையும் ஒரு புள்ளியில் வந்து அடங்குகிறதே என்று ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வியந்தாய். அந்தப் பாடத்தில் உனக்கு அப்படியொரு பிரியம்.

எண்பத்து நாலாம் ஆண்டு வெங்காய அறுவடை நினைவிருக்கிறதா? முந்திய ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எங்கள் ஆட்களின் மொத்த வியாபாரக் கடைகள் எரிந்துபோயிருந்தன. வெங்காயத்தை அனுப்பினால் எடுக்க ஆளில்லை. அங்கே சந்தையில் கப்பலில் வந்த பம்பாய் வெங்காயம் குவிந்து கிடந்தது. சுன்னாகத்தில் உன் மூட்டைகளுக்கு ஒரு வியாபாரி சொன்ன விலையைக் கேட்டு, நீ மூட்டைகளைத் திரும்ப வண்டிலில் ஏற்றினாய். அன்று பின்னேரம் வகுப்பில் பாடம் ஒப்பீட்டு நன்மை. எந்த நாடு எதை மலிவாகச் செய்யுமோ அதையே செய்யட்டும், மற்றதை வாங்கட்டும் என்று விளக்கினாய்.

“சேர், எங்களுக்கு எதிலை ஒப்பீட்டு நன்மை?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

பின் வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான்: “வெளிநாட்டுக்கு ஓடுறதிலை!”

வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு வெண்கட்டியை வைத்துவிட்டு வகுப்பை முடித்தாய்.

சைக்கிளில் திரும்பும்போது என்னிடம் சொன்னாய்: “பாடத்திலை பிழை இல்லை மச்சான். முதல் பக்கத்திலையே நிபந்தனை எழுதிக் கிடக்கு. ஒருத்தரும் நெருக்கப்படக் கூடாது, எல்லாருக்கும் எல்லாம் தெரியவேணும், போக வர வழி திறந்திருக்கவேணும். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டு மிச்சத்தைக் கொண்டு திரியிறாங்கள்.”

இரண்டு வருடம் கழித்துக் கந்தையா அண்ணை வந்தார். ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட அவருடைய மகனை அடித்து விட்டிருந்தார்கள். அடுத்த முறை விடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் முழுக்காசும் முன்னுக்குக் கேட்டான். காணி விற்பதென்றால் பக்கத்து வேலிக்காரனிடம் முதலில் கேட்பது ஊர் வழக்கம். அதன்படி உன் வேலியில் நடந்துவர விட்டிருந்த பொட்டுக்குள்ளால் வந்து நின்றார்.

“தம்பி, நீயே எடு. பாதி விலைக்குத் தாறன்.”

“பெடியனை அனுப்பத் தேவையில்லாட்டி விப்பியளோ, அண்ணை?”

“உதென்ன விசர்க் கேள்வி? அப்பன் வெட்டின கிணறடாப்பா.”

“அப்ப நீங்கள் சொல்லுறது விலை இல்லை.”

ஒற்றியாகத் தாருங்கள் என்றாய். காசை நீ கொடுப்பது, காணியை நீ செய்வது, காசு திரும்பி வரும் அன்று காணியும் திரும்பிப் போவது. உன் மனைவியின் காப்புகளை அடகு வைத்தும் அவருக்குத் தேவையானதில் பாதிதான் சேர்ந்தது. மனைவி என் முன்னாலேயே உன்னை ஏசினார்: “ஊரெல்லாம் ஓடுறவனிட்டைத்தான் வாங்குது. உங்களுக்கு மட்டும் என்ன?” அடுத்த கிழமை பட்டணத்து வியாபாரி ஒருவர், உன்னிடம் கேட்டதிலும் குறைத்து, காணியைப் பாராமலே எழுதுவித்தார். உறுதி எழுதும் நொத்தாரிசின் வீட்டு விறாந்தையில் கந்தையா அண்ணை கையொப்பம் வைத்தபோது சாட்சிக்கு நின்றவன் நான். “என் சுயவிருப்பத்துடன்” என்று உறுதியில் வாசித்தார்கள். அவர் தலையாட்டினார்.

தொண்ணூறில் இராணுவம் முகாமைப் பெருப்பிக்க, நீங்களும் ஊரை விட்டு வெளிக்கிட்டீர்கள். மானிப்பாய்ப் பக்கம் ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்து மறுபடி வெங்காயம் நட்டாய். மண்ணெண்ணெய், உரம், பற்றரி எல்லாவற்றுக்கும் அரசின் தடை. நீர் இறைக்கும் மெசின் மூலையில் கிடந்தது. கைவிட்ட பழைய ஏற்றத் துலாவைக் கிணற்றடியில் தூக்கிக் கட்டி, அதில் ஏறி மிதித்து நீர் இறைக்கத் தொடங்கினாய்.

“கீழை நிண்டு சிரிக்காதை மச்சான். மெசினுக்குப் பதிலா மனிசன். பதிலீடு எண்டு படிப்பிச்சனான், இப்ப செய்முறை நடக்குது.” இறங்கி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: “முந்தி எல்லாத்தையும் உள்ளை விட்டாங்கள், விலை விழுந்துது. இப்ப ஒண்டையும் உள்ளை விடுறாங்களில்லை, பயிர் காயுது. ரெண்டு தரமும் எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை.”

தொண்ணூற்று மூன்று மாசியில், பனியில் நனைந்த துலாவில் கால் வழுக்கி விழுந்தாய். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்தாய். பிறகு இல்லை.

போன வருடம் ஒரு கருத்தரங்கில் ஒருவர் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசினார். தடைகளுக்குள்ளும் சந்தை தன்னைத் தானே சரிசெய்துகொண்டது, மக்கள் மாற்றுவழிகளுக்கு மாறிக்கொண்டார்கள் என்றார். கைதட்டினார்கள். ஓம், மாறிக்கொண்டார்கள். நீ துலாவுக்கு மாறினாய். உன் மனைவி விதவைக் கோலத்துக்கு மாறினார். இதை எந்தக் கோட்டில் குறித்தார்கள் என்று எழுந்து கேட்டேன். நேரம் போதாது என்றார்கள்.

வியாழக்கிழமை அந்த உத்தியோகத்தரிடம் திரும்பப் போனேன். நெருக்கடியில் விற்ற காணியை ஒப்பிட எடுக்கலாமா என்றேன். கூடாது, அது எங்கள் விதியிலேயே இருக்கிறது என்று ஒத்துக்கொண்டான். “ஆனா நெருக்கடியெண்டு ஆர் சொல்லுறது, ஐயா? உறுதியிலை சுயவிருப்பம் எண்டு கிடக்கு. நீங்களும் அதுக்குத்தான் சாட்சி வைச்சிருக்கிறியள். வித்தவரின்ரை குடும்பத்திலை ஒருத்தர் சத்தியக்கடதாசி தந்தால் மேன்முறையீட்டிலை எடுப்பினம்.”

கந்தையா அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கனடாவில். நேற்றுத் தொலைபேசியில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மாமா, அப்பா விருப்பப்பட்டுத்தானே வித்தவர்?” என்றான். “தோட்டம் செய்து அலுத்துப்போச்சு, சனியன் துலைஞ்சுது எண்டுதான் எனக்குச் சொன்னவர். சாகுமட்டும் அதைத்தான் சொன்னவர்.”

வேலியடியில் நடந்ததைச் சொன்னேன். கிணறு வெட்டியவர் அவனுடைய பாட்டனார் என்பதையும் சொன்னேன். தகப்பன் தன்னிடம் பொய் சொன்னார் என்றும், அந்தப் பொய்யின் காரணம் தானே என்றும் ஐம்பது தாண்டியவன் சத்தியம் செய்து கையொப்பமிட வேண்டும். “யோசிச்சுச் சொல்லுறன், மாமா” என்று வைத்துவிட்டான்.

மறுபடி அவனை அழைக்கப் போனேன். உன் மனைவி தடுத்தார். “அவனை நெருக்காதேங்கோ, அண்ணை. நெருக்கி வாங்கினால் நாங்களும் உவையளும் ஒண்டுதான்.” நீ பேசியது போலவே இருந்தது. தொலைபேசியைக் கீழே வைத்தேன். கோபத்தை மட்டும் வைக்கவில்லை. உன்னிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அதுதான், அதை எந்த விலைக்கும் கொடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாக அவன் செய்தி அனுப்பியிருக்கிறான். மேன்முறையீட்டு விசாரணை ஆவணி முதற் கிழமை.