ஆறாம் நாள் குறைந்த ஒரு பிள்ளை

அன்புள்ள அத்தான்,

நீங்கள் போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு நான் எழுதவில்லை. எழுதும்படியாக எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் பள்ளியில் உங்கள் படத்தைத் திறந்துவைத்தார்கள். நீங்கள் முப்பத்தோரு வருடம் தமிழ் நடத்திய அதே அறையில், கரும்பலகைக்கு மேலே. படத்தின் அடியில் 'கவிஞர்' என்று பொன்னிற எழுத்து. உயிரோடு இருந்தவரை அந்தக் கட்டடத்தில் யாரும் உங்களைக் கவிஞர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ் சார், அவ்வளவுதான்.

நாலு பேர் பேசினார்கள். ஒருவர், நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து இந்த மண்ணுக்கு வந்து தொண்டு செய்ததாகச் சொன்னார். இந்த ஊர்க் கரமனையில் பிறந்து கரமனையிலேயே கண்ணை மூடியவரை! முன்வரிசையில் உங்கள் மனைவியாக உட்கார்ந்திருந்த என் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உங்களுக்கு இது புதிதில்லை. சென்னையில் தொகுப்புப் போட்டவர்கள், நீங்கள் கேரளத்துக்காரர் என்று விட்டுவிட்டார்கள். இங்கே விருது கொடுக்கிறவர்கள், தமிழில் எழுதுகிறவரைத் தமிழ்நாடு பார்த்துக்கொள்ளும் என்றார்கள். நாகர்கோவிலில் அச்சடித்த உங்கள் நாலு புத்தகங்களும் யாருக்கும் சொந்தமில்லாமல் உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தன. இப்போது எல்லாருக்கும் நீங்கள் வேண்டியவர்.

சாலைக் கடைத்தெருவைப் பற்றிய உங்கள் கவிதை ஒன்றையும் வாசித்தார்கள்.

'சாலையில் மழை.
சாக்கு நனையாமல் பார்த்துக்கொள்கிறவர்கள்
தாங்கள் நனைகிறார்கள்.'

கை தட்டினார்கள். அந்த நேரத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்ற செல்வியைப் பார்த்தேன். நீங்கள் ஓய்வுபெற்ற பிறகு உங்கள் இடத்துக்கு வந்த டீச்சர். அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை. வெளியே வந்து, "என்னம்மா, நீ ஒரு வார்த்தை பேசலையா?" என்றேன்.

"நான் இப்ப இந்த ஸ்கூல் இல்ல சார். தெரியாதா? நெடுமங்காட்டுப் பக்கம் மாத்திட்டாங்க. அங்க தமிழே கிடையாது. லைப்ரரியைப் பாத்துக்கச் சொல்லியிருக்காங்க."

"இங்கே தமிழ் யார் நடத்துறா?"

"ஆரும் இல்ல. ஆறாம் நாள் எண்ணும்போ ஒரு பிள்ளை கொறஞ்சு போச்சு."

ஒரு பிள்ளை. அத்தான், இதை அச்சில் படிக்கப்போகிறவர்களில் பலருக்கு அந்த ஆறாம் நாள் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். தமிழை முதல் மொழியாக எடுத்த பிள்ளைகள் அன்றைக்குப் போதாவிட்டால் தமிழுக்கு ஆசிரியர் கிடையாது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் மலையாளத்துக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த நாளுக்காகத்தான் நீங்கள் வருடாவருடம் மே மாதம் முழுக்க அலைந்தீர்கள். கையில் கறுப்புக் குடை, சட்டைப் பையில் நீளமான நோட்டு. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி, இரும்புக் கடை, ஜவுளிக் கடை என்று ஒவ்வொரு படியாக ஏறி, யார் வீட்டில் எத்தனை வயதில் பிள்ளை இருக்கிறது என்று எழுதிக்கொள்வீர்கள். அரிசி மண்டி முதலாளி தன் கணக்கப்பிள்ளையிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: "வே, தார்ப்பாயை எடுத்துப் போடும். சாரு வந்தாச்சு, பின்னாலேயே ஜூன் மாச இடவப்பாதி மழையும் வரும், கேட்டோ." நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, "ஒம்ம ரெண்டாவது பையனுக்குப் பத்து வயசாச்சுல்லா?" என்று நோட்டைப் பிரித்தீர்கள். உங்கள் கவிதையில் பாதி அந்த நோட்டின் பின்பக்கத்தில் எழுதியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓய்வுபெற்ற பிறகும் அலைவதை நீங்கள் விடவில்லை. நீங்கள் போனபின் முதல் ஜூன் எப்படியோ தாண்டியது. இந்த ஜூனில் அறுந்தது. ஜூலையில் அதே அறையில் படம். பிள்ளையில்லாத வகுப்பில், பேச முடியாத ஆசிரியரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். பிறகு பிஸ்கெட்டும் டீயும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா வீட்டுக்கு வந்ததும் அவளிடம், கல்வி அலுவலகத்துக்குப் போகிறேன், எண்ணின பட்டியலைத் தகவல் உரிமையில் கேட்கிறேன், யார் கையெழுத்துப் போட்டது என்று பார்த்துவிடுகிறேன் என்று கத்தினேன்.

அக்கா கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏன்டே ஆபீஸ் ஆபீஸா ஏறுத? கொறஞ்சது ஒரு பிள்ளை. அது நம்ம வீட்லதான் இருக்கு" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு, உள்ளே மலையாளப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்த குரல் காதில் விழுந்தது. யாழினி. நீங்கள் பெயர் வைத்த உங்கள் பேத்தி. இந்த ஜூனில்தான் உங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்தாள் என்பது எனக்குத் தெரியும். எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை. நாற்பது வருடம் ஊரெல்லாம் கேள்வி கேட்டுச் செய்தி எழுதினவன், அக்கா வீட்டில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

உங்கள் மகன் குமார் வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். காலையில் மேடையில் பேசிய நாலு பேரில், அப்பா மொழிக்காகவே வாழ்ந்தார் என்றவன் அவன்.

"ஏன்டா, யாழினிக்கு ஃபார்மில என்ன எழுதின?"

"மலையாளம். நாளைக்கு சர்க்கார் வேலைக்கு பிஎஸ்சி பரீட்சை எழுதணும், சர்க்கார் ஆபீஸில ஒரு லெட்டர் எழுதணும்னா அது வேணும், அல்லே மாமா? தமிழ் வீட்ல பேசுதாளே."

"அப்பா இருந்தா இதைச் செஞ்சிருப்பியா?"

"அப்பா இருந்தா அப்பாவே வந்து கேட்டிருப்பாரு. இந்தத் தடவை ஆரு வந்து கேட்டா?" சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, மீனாவுக்கு நீங்க எந்த மொழி எழுதினீங்க?" என்றான்.

அத்தான், என் மகள் மீனாவுக்காக நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த மே மாதம் எனக்கு மறக்கவில்லை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு நோட்டைப் பிரித்தீர்கள். நான் குமார் சொன்ன இதே காரணத்தை, இன்னும் நல்ல தமிழில், இன்னும் நீளமாகச் சொன்னேன். நீங்கள் காப்பியைக் குடித்து முடித்து, "சரிடே" என்று நோட்டை மூடினீர்கள். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று என்னைத் திட்டியிருக்கலாம். அந்த வருடம் எண்ணிக்கைக்கு எத்தனை தெருக் கூடுதலாக நடந்தீர்கள்?

அதனால் சட்டத்தின் மேல் என் கோபம் குறைந்துவிடவில்லை. ஒரு தலை குறைந்தால் ஒரு மொழியை அறையைவிட்டு வெளியே அனுப்பும் விதி அநியாயமானது. அதை எழுதத்தான் போகிறேன். செல்வியைச் சுவரோரம் நிற்கவைத்துவிட்டு உங்களுக்கு மாலை போட்டதையும் எழுதுவேன். ஆனால் இதற்குக் காரணமானவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

திங்கட்கிழமை அக்காவும் நானும் பள்ளிக்குப் போனோம். படத்தைக் கழற்றித் தாருங்கள் என்றோம். தலைமையாசிரியர் பதறிப்போனார். "அய்யோ சாரே, ஒரு ஆழ்ச்ச ஆயிட்டில்லல்லோ!" ஒரு வாரம்கூட ஆகவில்லையே என்று வருத்தம். அக்கா அவரிடம் அமைதியாக, "வகுப்பு இருக்கட்டும், படம் தானா வரும். அதுவரை அவரு வீட்ல இருக்கட்டும்" என்றாள். பியூன் ஏணி கொண்டுவந்தார். இப்போது நீங்கள் அலமாரிக்குப் பக்கத்தில், தரையில், சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறீர்கள். மன்னியுங்கள். ஆணி அடிக்க வேண்டாம் என்பது அக்காவின் கட்டளை.

உங்கள் நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். குடையில் ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். வரும் மே மாதம் சாலைக் கடைத்தெருவில் ஒவ்வொரு படியாக ஏறுவேன். அரிசி மண்டியில் என்னைக் கேலி செய்வார்கள், செய்யட்டும். குமாரிடமும் திரும்பக் கேட்பேன். இந்தத் தடவை யாரும் வந்து கேட்கவில்லை என்று அவன் சொல்ல முடியாது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஏற வேண்டிய படி ஒன்று இருக்கிறது. மீனாவின் மகன் அடுத்த ஜூனில் ஐந்தாம் வகுப்பு. அவள் என்ன காரணம் சொல்வாள் என்று எனக்குத் தெரியும், நான் சொல்லிக்கொடுத்ததுதான். காப்பி கொடுத்தால் குடிப்பேன். ஆனால் உங்களைப் போல நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட மாட்டேன்.

அன்று உங்களை வெறும் நோட்டோடு திருப்பி அனுப்பிய,
உங்கள் மைத்துனன்